நேற்று 70, இன்று 190: தெருவில் எதுவும் மாறவில்லை, காற்று மட்டும் ஏன் கெட்டது?

கேள்வி இதுதான்: "சென்னையில் எங்கள் பகுதியில் காற்றின் தரக் குறியீடு ஒரு நாள் 70 காட்டுகிறது. இரண்டு நாள் கழித்து 190. அதே வண்டிகள், அதே தொழிற்சாலைகள். இந்தக் கருவிகளை நம்பலாமா? மழை பெய்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?"

கருவியைச் சந்தேகப்பட வேண்டாம். மழை பற்றிச் சொல்வது பாதி உண்மை. எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் அந்த இரண்டு எண்களைப் பார்ப்போம். 70க்கும் 190க்கும் இடையே கிட்டத்தட்ட மூன்று மடங்கு இருப்பதால் புகையும் மூன்று மடங்காகிவிட்டது என்று தோன்றும். குறியீடு அப்படி நேர்க்கோட்டில் போவதில்லை. பி.எம். 2.5, அதாவது 2.5 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் குறைவும் அளவுள்ள நுண்துகள், அதை வைத்து எண் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். இந்தியக் குறியீட்டில் 70 என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 42 மைக்ரோகிராம். 190 என்றால் சுமார் 87. ஆக உண்மையில் கூடியது இரண்டு மடங்குதான். இரண்டு நாளில் இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஊரில் புதிதாக ஒரு புகைபோக்கிகூட முளைக்க வேண்டாம். வானிலை கொஞ்சம் மாறினாலே போதும்.

ஒரு நகரம் ஒரு மணி நேரத்தில் எத்தனை கிலோ துகளை வெளிவிடுகிறது என்பது ஒரு கணக்கு. அது எவ்வளவு காற்றில் கரைகிறது என்பது இன்னொரு கணக்கு. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதைத்தான் நாம் சுவாசிக்கிறோம். குறியீடு ஏறினால் உடனே முதல் கணக்கைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறோம். ஆனால் நாளுக்கு நாள் பெரிதாக ஆட்டம் காட்டுவது இரண்டாவதுதான்.

கரைவதற்குக் கிடைக்கும் காற்று எவ்வளவு என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது, தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரம் வரை அது மேலும் கீழுமாகக் கலக்கிறது. இரண்டாவதைக் கலப்பு உயரம் என்பார்கள். வெயில் நன்றாகக் காய்ந்த நாளின் மதியம் இது ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் இருக்கும். தெளிந்த வானமும் காற்றில்லாத நிலையுமாக இருக்கும் இரவில் நூறு, இருநூறு மீட்டருக்கு இறங்கிவிடும். மதியம் ஒன்றரை கிலோமீட்டரில் பரவிய அதே புகை இரவில் நூற்றைம்பது மீட்டருக்குள் அடங்க வேண்டும் என்றால், ஒரு வண்டிகூடக் கூடாமலே அடர்த்தி பத்து மடங்காகும். இரவில் வண்டிகள் குறைவதால் நடைமுறையில் அவ்வளவு ஏறுவதில்லை. டெல்லியில் முன்னறிவிப்புக் கொடுப்பவர்கள் இந்த உயரத்தையும் காற்றின் வேகத்தையும் பெருக்கி ஒரு எண் எடுக்கிறார்கள். அது நொடிக்கு 6,000 சதுர மீட்டருக்குக் கீழே போய், சராசரிக் காற்றும் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்தால், புகை கலையாது என்று எச்சரிப்பார்கள்.

ராத்திரியில் கலப்பு உயரம் ஏன் இப்படித் தாழ்கிறது? வழக்கமாக மேலே போகப் போகக் காற்று குளிரும், கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி. தரையில் சூடான காற்று லேசாகி மேலே ஏற, புகையும் அதோடு போய்விடும். மேகமில்லாத குளிர்கால இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிரும், அதற்கு மேலே உள்ள காற்று இன்னும் கதகதப்பாகவே இருக்கும். கீழே கனமான குளிர்காற்று, மேலே லேசான வெப்பக்காற்று. இதைத்தான் வெப்பத் தலைகீழ் என்கிறார்கள். பானைக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் போகி அன்று விடியற்காலையில் மொட்டை மாடிக்குப் போங்கள். கீழே பாய், துணி, பழைய சாமான் எரிகிறது. புகை முதலில் நேராக ஏறும். தென்னையின் உயரமோ நான்கு மாடி உயரமோ வந்ததும், அதற்குமேல் போக வழியில்லாததுபோல மடங்கி, பக்கவாட்டில் தட்டையாகப் பரவும். அடுத்த தெருப் புகையும் அதே உயரத்தில் வந்து அதோடு சேரும். புகை இன்னும் சூடாக இருக்கும்வரைதான் ஏறும், சுற்றுக்காற்றின் வெப்பத்துக்கு வந்ததும் நின்றுவிடும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வெயில் தரையைச் சுட ஆரம்பித்த பிறகுதான் அந்த அடுக்கு உடையும்.

2018 ஜனவரி 13 போகியன்று இது உச்சத்துக்குப் போனது. சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல், வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு மட்டும் மக்கள் பல மடங்கு அதிகமாக எரித்தார்கள் என்று சொல்ல முடியாது. போகிக்கு எல்லா வருஷமும்தான் எரிக்கிறார்கள். புகையோடு காற்றில்லாத விடியலும் பனியும் சேர்ந்துகொண்டால் இப்படி ஆகும். ஜனவரி நடுவில் வடகிழக்குப் பருவமழை முடிந்து, வானம் தெளிந்து, வாடைக்காற்றும் தளர்ந்திருக்கும். வருஷத்திலேயே புகை கலைவதற்கு மிக மோசமான காலத்தில், ஒரு நாளின் மிக மோசமான நேரத்தில் நாம் போகி கொளுத்துகிறோம். இதே நெருப்பை மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு மூட்டினால் குறியீட்டில் பெரிதாகத் தெரியாது. எரிப்பது சரி என்று வாதாடவில்லை. டயர் எப்போது எரிந்தாலும் விஷம்தான்.

இந்த மூடி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு லண்டனே போதும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை, காற்றை அசையவிடாத உயர் காற்றழுத்தம் நகரத்தின் மேல் நகராமல் உட்கார்ந்துகொண்டது. வீட்டு அடுப்புகளின் நிலக்கரிப் புகை மேலேறாமல் தேங்கியது. அப்போது சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன. அதற்கு முந்தைய வாரமும் லண்டன்காரர்கள் நிலக்கரிதான் எரித்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, சென்னைக்கு வருவோம். நமக்குக் கடல் இருக்கிறது, டெல்லிக்கு இல்லை. பெரிய வித்தியாசம் இதுதான். டெல்லிக்கு வடக்கே இமயமலை, சுற்றிலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சமவெளி. நவம்பரில் மெல்லிய வடமேற்குக் காற்று பஞ்சாப், ஹரியானா வயல்களில் எரியும் வைக்கோல் தாளின் புகையைக் கொண்டுவந்து கொட்டும். அதைத் தள்ளிக்கொண்டுபோக எதுவும் இல்லை. சென்னையில் மார்ச் முதல் மே வரை பெரும்பாலான நாள்களில் மதியத்தை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வந்துவிடும். கோடையில் நம் ஊரில் நுண்துகள் குறைவாக இருப்பதற்கு இதுவும், வெயில் உயர்த்திவிடும் கலப்பு உயரமும்தான் காரணம். ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று வலுத்திருப்பதால் கடற்காற்று தாமதமாக வரும், சில நாள் வரவே வராது. ஆனால் அந்த மேற்குக் காற்றே வேகமானது என்பதால் அதுவும் ஒரு வகையில் துடைத்துவிடும். கோயம்புத்தூர்க்காரர்களைக் கேளுங்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆடி மாதத்தில் என்ன செய்யும் என்று சொல்வார்கள்.

ஆனால் கடற்காற்று என்றாலே நல்ல காற்று என்று நம்பிவிடக் கூடாது. இரண்டு சிக்கல் இருக்கிறது. ஒன்று, இரவில் நிலக்காற்று நகரத்துப் புகையைக் கடலுக்குத் தள்ளும். அது தூரம் போகாமல் கரையோரத்திலேயே மிதந்துகொண்டிருந்தால், மறுநாள் கடற்காற்று அதையே திரும்பக் கொண்டுவரும். கடலிலிருந்து வருகிறது என்றாலும் அதில் நேற்றைய நகரம் இருக்கும்.

இரண்டாவது, வட சென்னைக்காரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் 200 மீட்டரைத் தாண்டும். உயரமாகக் கட்டுவதே புகை கீழே வராமல் போகட்டும் என்றுதான். கடலிலிருந்து வரும் காற்று குளிர்ந்தது, அடுக்கடுக்காக நிற்கும், மேல் கீழாகக் கலக்காது. அதற்குள் விடப்படும் புகை விரியாமல் ஒரு பட்டையாக உள்நாட்டை நோக்கி நகரும். அதே சமயம் கீழே சூடான தரை அந்தக் காற்றைக் கலக்க ஆரம்பிக்கும். கரையில் மெல்லியதாக இருக்கும் இந்தக் கலப்பு அடுக்கு, உள்ளே போகப் போகத் தடிக்கும். சில கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஓர் இடத்தில் அது புகைப் பட்டையைத் தொடும். தொட்டவுடன் மேலே பத்திரமாகப் போய்க்கொண்டிருந்த புகை மொத்தமும் தரைக்கு இறங்கிவிடும். அதனால்தான் புகைபோக்கியின் அடியிலேயே குடியிருப்பவருக்குத் தெரியாத நெடி, தள்ளி இருப்பவருக்கு மதியத்தில் வரலாம். மனிதர்கள் புகார் கொடுக்கும்போது 'இத்தனை தூரத்துக்கு வர வாய்ப்பில்லை' என்று பதில் சொல்லுகிற அதிகாரிகள் இதை ஒருமுறை படித்துக்கொள்ளலாம்.

அப்புறம் புயல். புயல் வந்தால் காற்று சுத்தமாகும் என்பது பாதிக் கதை. நம் கரையைக் கடந்தால் மழையும் காற்றும் கழுவித் தள்ளிவிடும். நம்மை விட்டுத் தள்ளிப்போகும் புயல்தான் கெடுக்கும். வங்கக்கடல் புயல் இடஞ்சுழியாகச் சுழலும். அதன் மேற்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் காற்று வரும், அதாவது நிலத்திலிருந்து. 2019 நவம்பர் முதல் பாதியில் 'புல்புல்' புயல் வங்கக்கடலின் வடபகுதிக்குப் போய்க்கொண்டிருந்தபோது சென்னையில் நாள்கணக்கில் புகைமூட்டம் நின்றது. நவம்பரில் வரவேண்டிய ஈரமான வடகிழக்குக் காற்று இல்லை. டெல்லிப் புகையே கீழிறங்கி வந்துவிட்டது என்று ஒரு தரப்பும், இல்லை, காற்று ஓய்ந்ததால் நம் புகையே தேங்கியது என்று இன்னொரு தரப்பும் வாதாடினார்கள். என் கணிப்பில் இரண்டாவதற்குத்தான் எடை அதிகம். வெளியிலிருந்து கொஞ்சம் வந்திருந்தாலும், கடற்காற்று ஒழுங்காக வீசியிருந்தால் அது தங்கியிருக்காது.

2022 டிசம்பரில் இலங்கைக்கு நேர்ந்ததில் இந்த மாதிரி வாதத்துக்கு இடமில்லை. 'மாண்டஸ்' புயல் டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. அதற்கு முன்னால் அது இலங்கைக்கு வடகிழக்கே கடலில் நின்றபோது, இந்தியப் பக்கத்திலிருந்து குளிர்ந்த மாசுக் காற்றைத் தெற்கே இழுத்துவிட்டது. யாழ்ப்பாணம், வவுனியா முதல் கொழும்பு வரை ஒரே மூட்டம். இந்தியாவிலிருந்து வந்த காற்றுதான் என்று, காற்றின் தரத்தையும் கண்காணிக்கும் இலங்கையின் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. டிசம்பர் 9 அன்று பள்ளிக்கூடங்களை மூடினார்கள். வடக்கிலும் கிழக்கிலும் அந்தக் குளிரைத் தாங்காமல் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் செத்தன. யாழ்ப்பாணத்தில் அந்த வாரம் புதிதாக ஒரு ஆலைகூட ஓடவில்லை.

இப்போது மழை. பெருந்துகளை, அதாவது பி.எம். 10இல் (10 மைக்ரான் வரையுள்ள துகள்) பெரும்பகுதியான மண், சாலைப் புழுதியை, மழை நன்றாகவே அடித்து இறக்கும். சாலையும் நனைவதால் புழுதி மறுபடி கிளம்பாது. நுண்துகள் விஷயம் வேறு. மழைத்துளி விழும்போது முன்னால் உள்ள காற்றை விலக்கிக்கொண்டு வரும். பெரிய துகள் அந்த வளைவில் திரும்ப முடியாமல் துளியில் மோதிவிடும். மிக மிகச் சிறியவை, 0.1 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை, தாறுமாறாக ஆடிக்கொண்டே இருப்பதால் துளியில் ஒட்டிக்கொள்ளும். இடைப்பட்ட 0.1 முதல் 1 மைக்ரான் வரை உள்ளவை காற்றோடு வளைந்து துளியைச் சுற்றித் தப்பித்துவிடும். கிரீன்ஃபீல்ட் என்பவர் 1957இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார், இன்றும் அவர் பெயரால்தான் இந்த இடைவெளியைச் சொல்கிறார்கள். நம் நுரையீரலின் அடிவரை போகும் புகைத்துகளின் எடையில் பெரும்பங்கு இந்த அளவில்தான் இருக்கிறது. தானாகவே படிந்துவிடாதா என்றால், 2.5 மைக்ரான் துகளே அசையாத காற்றில் ஒரு நாளைக்குப் பதினைந்து, இருபது மீட்டர்தான் இறங்கும். அதைவிடச் சிறியது இறங்குவதாகவே எண்ண வேண்டாம்.

அப்படியிருந்தும் நல்ல மழைக்குப் பிறகு குறியீடு இறங்குகிறதே? இறங்கும். நீண்ட நேர மழையில் கொஞ்சம் கழுவப்படும், மேகத்துக்குள்ளேயே துகள்மேல் நீர் படிந்து துளியாக இறங்குவதும் உண்டு. ஆனால் பல நேரம் மழையைவிட மழையோடு வரும் காற்றுதான் வேலையைச் செய்கிறது. வெறும் தூறல் மட்டும் போட்டு, காற்றும் நின்றிருந்தால், ஈரம் கூடி நிலைமை மோசமாகக்கூட ஆகலாம்.

டெல்லியில் 2023 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். 9ஆம் தேதி குறியீடு 437. இரவு மழை பெய்தது. 10ஆம் தேதி மாலை 279. தீபாவளி நாளான 12ஆம் தேதி 218, எட்டு வருஷத்தில் மிகச் சுத்தமான தீபாவளிப் பகல் அது. இரவு பட்டாசு வெடித்தார்கள், 13ஆம் தேதி 358. மழை கொடுத்த சலுகை நான்கு நாள்கூட நிற்கவில்லை. இதைப் பார்த்துத்தான் செயற்கை மழை யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. 2025 அக்டோபர் கடைசியில் ஐ.ஐ.டி. கான்பூரை வைத்து டெல்லியில் முயன்றார்கள். மேகத்தில் போதிய ஈரமே இல்லை, சொல்லிக்கொள்ளும்படி மழை வரவில்லை. குளிர்காலத்தில் புகை தேங்குவதே வானம் வறண்டு தெளிந்து இருப்பதால்தான். அதே வானத்திடம் மழை கேட்டால் எப்படிக் கொடுக்கும்?

ஈரம் என்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நுண்துகளில் நிறைய உப்பு இருக்கிறது. அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட் போன்றவை. காற்றின் ஈரப்பதம் 75, 80 சதவீதத்தைத் தாண்டினால் இவை நீரை உறிஞ்சி ஊதிவிடும். துகளின் எண்ணிக்கை கூடாது, ஆனால் வெளிச்சத்தைச் சிதறடிப்பது பல மடங்காகும், எதிர்வீடு மங்கும். குப்பையிலும் பிளாஸ்டிக்கிலும் இருந்து வரும் குளோரைடு இதை இன்னும் தூண்டிவிடுகிறது என்று சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2021இல் டெல்லிக் காற்றை வைத்துக் காட்டினார்கள். குளிரும் கூட்டுச் சேரும். வெப்பத்தில் ஆவியாகி வாயுவாகிவிடும் நைட்ரேட், குளிரில் துகளாகவே நின்றுவிடும்.

இதனால்தான் புகை குறைந்தும் காற்று கெடுவது நடக்கிறது. 2020 ஜனவரி கடைசி, பிப்ரவரியில் சீனா ஊரடங்கில் இருந்தது. வண்டிகள் ஓடவில்லை, பல ஆலைகள் மூடிக்கிடந்தன. அப்படியும் பெய்ஜிங்கில் கடுமையான புகைமூட்டம் வந்தது. தேங்கிய காற்று, அதிக ஈரம், மிச்சமிருந்த வாயுக்கள் காற்றிலேயே வினைபுரிந்து துகளாக மாறியது, மூன்றும் சேர்ந்து ஊரடங்கின் பலனைத் தின்றுவிட்டன.

கடைசியாக, கையில் செயலியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதில் பெரிதாகத் தெரியும் குறியீடு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்கில் கடந்த 24 மணி நேரச் சராசரி. இப்போது வெளியே போகலாமா என்பதற்கு அது பதில் சொல்லாது. மணிவாரியாக வரும் பி.எம். 2.5 அளவைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் நடைப்பயிற்சிக்கு விடியற்காலை ஐந்தரை மணியைவிடக் காலை ஒன்பதரை மணியோ மாலை நான்கு மணியோ மேல். இது நம் பெரியவர்கள் பழக்கத்துக்கு நேர் எதிர் என்று தெரியும், ஆனால் ஆஸ்துமா உள்ளவர்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்வது நல்லது. வீட்டில் வாங்கி மாட்டும் சின்னக் கருவி ஈரமான விடியலில் கூடுதலாகவே காட்டும், ஊதிய துகளை அது அப்படியே எண்ணிவிடுகிறது. அரசுக் கருவிகள் காற்றை உலர்த்திய பிறகே எடை போடுகின்றன.

ஊரின் காற்று தேறுகிறதா என்று அறிய வேண்டுமானால் நேற்றையும் இன்றையும் ஒப்பிடாதீர்கள், போன தீபாவளியையும் இந்தத் தீபாவளியையும்கூட வேண்டாம். அதில் பாதி மழையின் கணக்கு. ஒரே நிலையத்தின் ஜனவரி மாதச் சராசரியை நான்கைந்து வருஷத்துக்கு எடுங்கள். காற்று வேகம் ஒரே மாதிரி இருந்த நாள்களை மட்டும் பிரித்து வைத்துப் பாருங்கள். அந்த நாள்களில் எண் இறங்கியிருந்தால்தான் யாரோ உண்மையிலேயே புகையைக் குறைத்திருக்கிறார்கள். இந்திய வரம்பு நாள் சராசரிக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்தது 15. உங்கள் பகுதியில் குறியீடு 70, அதாவது 42 மைக்ரோகிராம் இருந்த அந்த 'நல்ல' நாளும் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பில் தேறாது.